முதலாளிக்குப் பசி

ஜிப் ஒரு விரற்கடை திறந்திருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசி அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாமல் எப்போதும் ஒரே வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் நெடுநேரம் நின்றால் இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தோன்றுவது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் பழக்கம்தான். கணவனின் வயிற்றின்மேல் போட்டிருந்த ஈரத்துணியை இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். நேற்று சாயங்காலம் சர்ஜன் மேல்முனை வரைக்கும் ஏற்றி மூடிவிட்டுப் போன ஜிப், இப்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே வாய் பிளந்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது.

வயிற்றில் ஜிப் என்றால் வெளியாட்கள் நம்புவதில்லை, கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள். ஆனால் கணையம் அழுகிப்போனவர்களுக்குச் சில நேரம் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கணையத்தின் வேலை சாப்பாட்டைக் கரைக்கும் நீரைச் சுரப்பது. அந்த நீர் குடலில் இறங்கும் வழியில் பித்தப்பைக் கல் ஒன்று வந்து அடைத்துக்கொண்டால், அது போக்கிடம் இல்லாமல் கணையத்தையே கரைக்க ஆரம்பிக்கும். பிறகு அக்கம்பக்கத்துக் கொழுப்பை, சதையை, ரத்தக்குழாயை. செத்த சதையை ஒரே தடவையில் எடுத்துவிட முடியாது, ஒருநாள் விட்டு ஒருநாள் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிரித்துத் தைத்தால், தைப்பதற்கு ஓரமே மிஞ்சாது. அதனால் வெட்டிய ஓரங்கள் இரண்டிலும் ஒரு நீள ஜிப்பை வைத்துத் தைத்துவிடுவார்கள். மெத்தை உறைக்குக் கடையில் வாங்குகிற அதே ஜிப்தான், கிருமி நீக்கியது.

அதை நீட்டியவள் அவள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக, டாக்டர் கேட்பதற்கு முன்பே கத்தியும் கத்தரியும் அவர் கைக்குப் போய்விடும் என்று பெயர் வாங்கியவள். அன்று வேறு ஆள் கிடைக்காததால், சொந்தப் புருஷனின் அறுவைக்கே கை கழுவிக்கொண்டு நின்றாள். ரத்தம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது, உறிஞ்சும் குழாய் ஈடுகொடுக்கவில்லை, அவசரத்தில் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள், சர்ஜன் வாங்கித் தைத்தார். கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஜிப் புரட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலும் கீழும் ஓடும் ரன்னர் இருக்கிறதே, அதில் விரலால் பிடித்து இழுக்கும் நாக்கு வயிற்றுக்குள் போயிருந்தது. பிரித்து மறுபடி தைக்க ரத்த அழுத்தம் இடம் கொடுக்கவில்லை.

அந்த சர்ஜனை ஆஸ்பத்திரி முழுக்க 'அறுவை' என்றுதான் சொல்வார்கள், தொழிலுக்காக மட்டும் இல்லை, கத்தி பிடித்துக்கொண்டே அவர் விடுகிற ஜோக்குகளுக்காகவும்தான். அன்று அவர் அவளைத் திட்டவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. "உள்ள இருக்கிறவங்களுக்கு வசதியா வச்சிட்டீங்க, சிஸ்டர்," என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து ரன்னரின் முதுகை இடுக்கியால் கவ்வித்தான் திறப்பதும் மூடுவதும். சுலபமான வேலை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அப்படிப்பட்டது தானாக எப்படி இறங்கும்? வார்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இருமியிருப்பார் அக்கா, இருமினால் இறங்காதா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டு இடுக்கியை எடுத்தாள். ரன்னர் பாதிவரை ஏறியது. அங்கே நின்றது. யாரோ மறுபக்கம் பிடித்துக்கொண்டு, விடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு விட்டது.

அவள் கணவன் பஸ் டிரைவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். தியேட்டரில் வேலை பார்க்கிறாய், கட்டின நாளிலிருந்து ஒரு படம் காட்டினதில்லையே என்று அவளைச் சீண்டுவதில் அவனுக்கு அலுப்பே வந்ததில்லை. தன் தொப்பைக்கு அவன் வைத்த பெயர் 'முதலாளி'. பசித்தால், "முதலாளி கூப்பிடுறாரு," என்பான். நன்றாகச் சாப்பிட்டு முடித்ததும் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டி, "முதலாளிக்குத் திருப்தி," என்பான். மேல்வயிறு வலிக்கிறது என்று அவன் சொன்னபோதெல்லாம், வாய்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தவளும் அவள்தான். கல்லாக இருக்கலாம், ஒரு ஸ்கேன் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு வீட்டில் தோன்றவில்லை. இவனை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும், அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று யாரிடம் என்று இல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுத்தத்தின்போது காஸ் துணி காணாமல் போயிருந்தது.

உள்ளே ரத்தம் கசியாமலிருக்கப் பெரிய காஸ் துணிகளை மடித்து அடைத்திருந்தார்கள். ஜிப்பைத் திறந்தபோது ஒன்றுகூட இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம்போல் உள்பக்கம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. சர்ஜன் முழங்கைவரை துழாவிப் பார்த்துவிட்டு, கணக்கு தப்பாகச் சொல்லியிருப்பீர்கள் என்றார். அவள் இல்லை என்றாள். காஸ் துணியில் எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே ஒரு நூல் ஓடும். எக்ஸ்ரே எடுத்தும் அந்த நூல் தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம், இனிமேல் எதையும் உள்ளே வைக்கப்போவதில்லை என்று சொல்லி வெறும் வயிற்றை மூடினார். கையுறையைக் கழற்றும்போது நின்று விரல்நுனிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரப்பர் நுனி கரைந்து, அடியில் தோல் சிவந்திருந்தது. "பயங்கரமான ஜூஸ்," என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று முழுக்கக் கணவனுக்குக் காய்ச்சல் இல்லை. கன்னத்தில் ரத்தம் ஓடியது. ஆனால் வெறும் வயிறாக மூடிய பிறகு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவன் விழுந்துவிட்டான். ரத்த அழுத்தம் சரிந்தது, உதடு நீலமானது, மருந்துக்கு மேல் மருந்து ஏற்றியும் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. வார்டு நர்ஸ் அவள் தோளில் கை வைத்து, வீட்டு ஆட்களுக்குச் சொல்லிவிடலாமா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள். அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூச்சுக் கருவி இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மருந்து இறங்கும் பம்ப் அவ்வப்போது முனகியது. கிருமிநாசினி வாடைக்கும் ஈரத்துணியின் உப்பு வாடைக்கும் அடியில் பழைய இறைச்சியின் இனிப்பு வாடை ஒன்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது, அது அவளுக்குப் பழகிய வாடைதான், ஆனால் இன்று அதில் சூடு இருந்தது, யாரோ முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோல. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூச்சுக் கருவி இழுக்கும்போது இல்லை, விடும்போதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், அது ஓய்கிற சிறு இடைவெளியில்.

டிக்.

ஒரு பல்.

டிக்.

இன்னொரு பல்.

போர்வை நகர்ந்தது. அவன் காலும் கையும் அசையவில்லை, மயக்க மருந்தில் அசையவும் முடியாது. போர்வையின் ஓரம் மட்டும் வயிற்றை நோக்கி மெதுவாகச் சுருங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து துணியை விலக்கினாள். போர்வையின் விளிம்பு ஜிப்பின் பிளவுக்குள் போயிருந்தது. பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள்.

அது திருப்பி இழுத்தது.

அவள் இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்துப் போர்வையை வெட்டினாள். வெட்டுப்பட்ட துண்டு சட்டென்று உள்ளே போனது. பிறகு மெல்லும் சத்தம் என்று சொல்ல முடியாது, ஈரமான எதையோ பிசையும் சத்தம், கொஞ்ச நேரம். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். மானிட்டரில் எண்கள் ஏற ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக, நிதானமாக. நீலம் வடிந்து அவன் உதடு பழைய நிறத்துக்கு வந்தது.

பயம் கை காலையெல்லாம் கட்டிப்போட்டிருந்தது. அதற்கும் கீழே சந்தோஷம் ஒன்று எழுந்ததே, அதுதான் அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவளே கொடுத்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, காஸ் துணியைச் சுருட்டிப் பிளவின் வாயில் வைப்பாள், அது போய்விடும். விரல் படாமல் இடுக்கியால்தான் வைப்பாள். ஒருதடவை இடுக்கியும் சேர்ந்து போனது. இந்த நோய் வந்தவர்கள் எலும்பும் தோலுமாக ஆவார்கள்; இவன் சதை பிடித்தான். கன்னம் உப்பியது, கழுத்தில் மடிப்பு விழுந்தது. வார்டு நர்ஸ் இதைப் பார்த்து, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாரே என்று கேலி செய்தாள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் காஸ் துணி கொஞ்ச காலம்தான் தாங்கியது. பிறகு அதைக் கொடுத்தும் உதடு நீலமானது. துணி தின்று எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று அது கேட்பதுபோல் இருந்தது.

ஒருநாள் காலையில் சர்ஜன் வந்து பார்த்தார். இன்று கடைசியாக ஒருதடவை சுத்தம் செய்துவிட்டு, ஜிப்பை வெட்டி எடுத்து வயிற்றை நிரந்தரமாகத் தைத்து மூடப்போவதாகச் சொன்னார். மூச்சுக் குழாயைக் கழுத்து வழியாகப் போட்டாயிற்று, மயக்க மருந்தைக் குறைக்கிறோம், ஆள் முழிக்கட்டும், தைக்கிற இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்ததே பெரிய விஷயம், உங்கள் கவனிப்புதான் காரணம் என்று அவளைப் பாராட்டவும் செய்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது?

"இன்னும் கொஞ்ச நாள் விட்டு மூடலாமே சார்," என்றாள்.

"ஏன்? உங்க ஜிப்பைப் பிரிய மனசு வரலையா?"

"இல்ல சார். மூடிட்டா... உள்ள போறதுக்கு வழி இருக்காதே."

"அதுக்குத்தானே மூடுறது," என்றார் அவர், குரலில் கேலி இல்லாமல். அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று விசாரித்துவிட்டு, இது முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த அறையிலேயே ஆரம்பித்தார்கள். வார்டு நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். உதவி டாக்டர் அடுத்த பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தார், வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சின்ன வேலைதானே, நாம் இரண்டு பேர் போதும் என்று சர்ஜன் கை கழுவினார். தாழ்வாரத்தின் கோடியில் யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் கட்டிலில் ஏதோ அசைந்தது.

கணவன் கண் திறந்தான்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்தான். அவனேதான். கண்ணின் ஓரத்தில் அந்தப் பழைய குறும்புகூட இருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தில் குழாய் இருப்பதால் சத்தம் வராது. உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் குனிந்து படித்தாள். படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வீட்டில் தினமும் கேட்டதுதான்.

முதலாளிக்குப் பசி.

"என்ன சொல்றார்?" என்றார் சர்ஜன்.

"பசிக்குதாம்."

"நல்ல சகுனம். பசி வந்துட்டா ஆள் பிழைச்சாச்சு." இடுக்கியால் ரன்னரைக் கவ்வப் போனார். தேவைப்படவில்லை. ஜிப் தானாகவே கீழிறங்கியது, மேலிருந்து அடிவரை, ஒரே இழுப்பில், அழகாக. சர்ஜன் கை அந்தரத்தில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவர் அனுபவஸ்தர். இருமல் அழுத்தம், குடல் வீக்கம் என்று ஏதோ ஒரு காரணம் அவருக்குள் உடனே கிடைத்திருக்க வேண்டும். வலது கையை உள்ளே விட்டார். மணிக்கட்டுவரை போயிற்று. முகம் சுளித்தார்.

"இங்க ஏதோ..."

ஜிப் மூடியது.

கீழிருந்து மேலே, மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு. உலோகப் பற்கள் கையுறையைத் தாண்டி, தோலைத் தாண்டி இறங்கின. அவர் கையை இழுத்தார். கட்டிலே அவரோடு நகர்ந்தது. உள்ளே ஏதோ முறிந்தது, விறகு முறிவதுபோல, ஒன்று, பிறகு வரிசையாக. விரல்கள். அவள் அந்தச் சத்தத்தை ஆபரேஷன் மேஜையில் கேட்டிருக்கிறாள். ஆனால் மயக்கம் கொடுத்தவர்களிடம்.

"கத்தரி," என்றார் சர்ஜன். கத்தவில்லை. பழக்கம். தியேட்டரில் கேட்பதுபோலவே கேட்டார். "சிஸ்டர், கத்தரி. ஜிப்பை வெட்டுங்க."

கத்தரி அவள் கையில் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தாள்.

கொடுக்கவில்லை.

மானிட்டரைப் பார்த்தாள். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. துணிக்கு ஏறாத உயரத்துக்கு. கணவனின் கன்னம் சிவந்தது. கண் சொருகி, வாயோரத்தில் எச்சில் மின்னியது.

"சிஸ்டர்!"

முன்னங்கை போய்க்கொண்டிருந்தது. ரத்தம் ஜிப்பின் இரண்டு பக்கமும் வழிந்து போர்வையில் பரவியது. அவர் இடது கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி இழுத்தார். தோல் உரிந்தது. சதை நார் நாராக வந்தது. கடைசியில் ஒரு அறுப்பு. ரம்பமில்லாமல், பற்களாலேயே. அவர் பின்னால் போய் விழுந்து சுவரில் மோதினார். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. ரத்தம் தரையிலும் சுவரிலும் பீய்ச்சி அடித்தது.

அதைக் கட்டத் தெரிந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். கை தானாகவே கட்டுத்துணியைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்தினாள்.

பிசையும் சத்தம்.

ஜிப்பின் நுனியில் கையுறையின் நீல ஓரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் மெதுவாக உள்ளே போனது. ரன்னர் கடைசிப் பல் வரை ஏறி நின்றது. வெளிப்பக்கம் பார்த்தால் யாரும் பழுது சொல்ல முடியாதபடி சீராக, சுத்தமாக மூடியிருந்தது.

கணவனின் கை போர்வைக்கு வெளியே வந்தது. எத்தனையோ நாளாக அசையாத கை. வயிற்றின்மேல் இறங்கி ஒரு தட்டுத் தட்டியது.

இரண்டாவது தட்டு விழவில்லை.

அவள் காத்திருந்தாள். கை அப்படியே உயர்ந்து நின்றது. கணவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான், சோற்றுப் பாத்திரம் காலியாகிவிட்டதோ என்று எட்டிப் பார்க்கிற பார்வை. மானிட்டரில் ஒரு எண் இறங்கியது. இன்னொன்று.

டிக்.

தரையில் சர்ஜன் மிச்சமிருந்த கையால் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. வீட்டில் இருக்கிற யாருடைய பெயரையோ சொன்னார், அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நல்ல மனிதர். அவளுடைய தப்பைக் கடைசிவரை வெளியே சொல்லாமல் காப்பாற்றியவர். அதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

டிக். டிக்.

திரும்பி வந்தாள். ஜிப் அடிவரை திறந்திருந்தது.

அவள் கட்டிலின் பிரேக்கைச் சரிபார்த்தாள். பக்கவாட்டுக் கம்பியை இறக்கினாள். பிறகு குனிந்து, நோயாளியைக் கட்டிலுக்கு ஏற்றும்போது செய்வதுபோல, சர்ஜனின் அக்குள்களில் கை கொடுத்துத் தூக்கினாள்.